மாயா இல்லை, கீதாதான்

பிரம்மத்தை ஆராய்கிறவர்களில் இரண்டு இனம் உண்டு. ஒன்று, குகைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் இனம். அதனால் யாருக்கும் தொல்லை இல்லை. மற்றது, பக்கத்து வீட்டில் குடியிருக்கும் இனம். இதற்கு ஒரு மனைவி உண்டு, ஒரு செல்போன் உண்டு, செல்போனுக்கு நல்ல கனத்த ஸ்பீக்கர் உண்டு, எதிரே யாராவது இரண்டு நிமிஷம் சும்மா நின்றால் ‘கடவுள்னா இன்னா?’ என்று ஆரம்பித்துவிடும் பழக்கமும் உண்டு. நான் சொல்லப்போவது இந்த இரண்டாவது இனத்தைப் பற்றி. முதல் இனத்தை நான் பார்த்ததில்லை. பார்த்தால் காலில் விழுந்து, தயவுசெய்து இறங்கி வந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

அடையாளம் காண்பது சுலபம். இந்த இனம் ஆமாம் என்று சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. கரண்ட் போனால் நீங்களும் நானும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, எதிர் பிளாக்கிலும் போயிருக்கிறது என்று தெரிந்ததும் ஓரளவு நிம்மதி அடைகிற சாதாரண ஜென்மங்கள். இது மட்டும் இருட்டில் உட்கார்ந்தபடியே, போகக்கூடியது எதுவோ அது வந்ததே இல்லை என்று குரல் கொடுக்கும். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பி, ஏதோ ஒரு புகைபோக்கியின் நாற்றம் மாடி மாடியாக ஏறி வரும்போது நாமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்வோம். இது மூக்கை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு ‘மோந்து பாக்கிறவன் யாரு?’ என்று கேட்கும். யாராக இருந்தால் என்ன? முதலில் ஜன்னலைச் சாத்துங்கள் ஐயா.

டோல்கேட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில், எனக்கு நேர் எதிர் வீட்டிலேயே, இந்த இனத்தில் நன்றாக விளைந்த ஒருவர் குடியிருக்கிறார். பெயர் நீலமேகம். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நான்கு வருஷம் முன்புவரை தங்கமான மனிதர். கேட்டால் ஸ்பேனர் கொடுப்பார், கேட்காமலே குழாய்க்கு வாஷர் மாற்றிக் கொடுப்பார். அப்புறம் அவருக்கு முட்டிவலி வந்தது. மூன்று வாரம் லீவு. முட்டிவலிக்கு என்ன எண்ணெய் தேய்க்கலாம் என்று செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். அந்த வீடியோ முடிந்ததும் தானாக அடுத்தது ஓடியது. அதில் ஒருவர், ‘வலி உடம்புக்கு, உனக்கு இல்லை, அப்படியானால் நீ யார்?’ என்று கேட்டார். அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து முட்டி சரியாகிவிட்டது. மற்றதெல்லாம் கெட்டுப்போனது.

ஜீஷான் பாயின் டீக்கடைதான் முதலில் அடிபட்டது. பாய் வழக்கம்போல ‘இன்னா நைனா, டீயா பாலா?’ என்று கேட்டார். நீலமேகம் கண்ணை மூடிக்கொண்டு, ‘இதுவும் இல்ல, அதுவும் இல்ல’ என்றார். பிரம்மத்தை எப்படிச் சொன்னாலும் அது இல்லை, அது இல்லை என்று தள்ளிக்கொண்டே போக வேண்டும் என்று உபநிஷதத்தில் இருக்கிறதாம். பாய் தொழில் தெரிந்தவர். ஒரு டம்ளர் வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தார். ‘ரெண்டும் இல்லன்னா இதான் கீது’ என்றார். மூன்று நாள் வெந்நீர் குடித்த பிறகு, டீக்கடை விஷயத்தில் மட்டும் நீலமேகம் தெளிவாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

இன்னொரு வழக்கத்தையும் நான் இங்கே சொல்லியாக வேண்டும், பின்னால் நடந்த கலவரத்துக்கெல்லாம் அதுதான் காரணம். அவர் கீதை என்று சொல்ல மாட்டார். கீதா என்றுதான் சொல்வார். வீடியோவில் பேசுகிற வடநாட்டுப் பெரியவர் அப்படித்தான் சொல்கிறாராம். மாயை என்றும் சொல்ல மாட்டார், மாயா. ‘கீதை, மாயைன்னா என்னமோ சாதாரணமா கீது சார். கீதா, மாயான்னு சொல்லிப் பாருங்க, ஒரு கெத்து கீது.’ கெத்து இருக்கட்டும். வீட்டில் கல்யாண வயதில் மாயா என்று ஒரு பெண் இருப்பதை அந்த ஞானி யோசித்தாரா? யோசிக்கவில்லை.

பெயர் வைத்தது அவர் மனைவி ரமாபாய். புளியந்தோப்பில் பௌத்தக் குடும்பத்தில் பிறந்தவர், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர், புத்தரைப் பெற்ற தாயின் பெயர் தன் பெண்ணுக்கு இருக்கட்டும் என்று ஆசையாக வைத்தார். புருஷனைப் பற்றி அவர் ஒருமுறை என்னிடம் சொன்னதை இந்த இனத்தைப் பற்றிய முழு ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொள்ளலாம்: ‘புத்தரு கம்முனு குந்திகினு யோசிச்சாரு சார். இந்தாளு பேசிகினே யோசிக்கிறாரு.’

மாயா திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறாள். அதே யார்டில் கிரேன் ஓட்டுகிற ரவிக்குமார் என்ற பையனை அவளுக்குப் பிடித்துப்போனது. பையனுக்கு முகத்துவாரக்குப்பம். அப்பா எத்திராஜ் கடலுக்குப் போகிறவர், அம்மா பச்சையம்மா மீன் விற்கிறவர். ‘நம்ம குப்பத்துல பொண்ணே இல்லியா?’ என்று ஆரம்பித்த பச்சையம்மாவை, ஒரு படி, இன்னொரு படி என்று இறக்கிக் கொண்டுவர அந்தப் பையனுக்கு இரண்டு வருஷம் ஆனது. கடைசியில் அந்த அம்மாள் ஒரு நிபந்தனை போட்டார். ‘ஒரே ஒரு தபா வந்து பாக்குறேன். புடிச்சா அங்கியே பூ வச்சிட்டு வருவேன். புடிக்கலன்னா அத்தோட வுட்ரணும். அப்பால அவ பேர எடுக்கக் கூடாது.’ மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வைக்காமல் போனாலும் பேச்சு முடிந்தது என்றுதான் அர்த்தம்.

நிபந்தனைக்குப் பின்னால் ஒரு பயமும் இருந்தது. பச்சையம்மாவின் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனபோது தங்கையைக் காட்டிவிட்டு, மணவறையில் அக்காவை உட்கார வைத்துவிட்டார்களாம். இருபது வருஷம் ஆகியும் அந்த அம்மாளுக்கு ஆறவில்லை. எந்த வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனாலும் முதலில் உள்ளறையைத்தான் பார்ப்பாராம்.

முந்தின நாள் ரமாபாய் புருஷனுக்கு உத்தரவு போட்டார். ‘யோவ், நாளிக்கி வாயத் தொறக்காத. வாங்கன்னு சொல்லு, உக்காருங்கன்னு சொல்லு. வேற ஒரு வார்த்த வரக் கூடாது.’ நீலமேகம் உடனே ஒப்புக்கொண்டார். மௌனம்தான் பிரம்மத்தைப் பற்றிய உயர்ந்த உபதேசம் என்றார். அது எப்படி உயர்ந்தது என்பதை எங்கள் வீட்டு வாசலில் நின்று எனக்கு முக்கால் மணி நேரம் விளக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். நாற்காலி போதாது என்று என் வீட்டு நாற்காலிகள் மூன்றைக் கொண்டுபோயிருந்ததால், நாற்காலிகளோடு நானும் போயிருந்தேன். மாயா எங்கள் வீட்டில் இருந்தாள். நிலைக்கண்ணாடி எங்களிடம்தான் உண்டு என்பதால் என் மனைவி அவளுக்குப் புடவை கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். ரமாபாய் சமையலறையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். பச்சையம்மா வயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கூடைக்குள் வாழை இலையில் சுற்றிய மல்லிகைப்பூ, நாலு முழம் இருக்கும். ஈரம் சொட்டச் சொட்ட அது இருப்பதைப் பார்த்தபோது, எப்படியாவது மாயாவின் தலைக்குப் போய்விடட்டும் என்று நானே வேண்டிக்கொண்டேன். அந்தப் பெண்ணை நான் பாவாடை கட்டின வயதிலிருந்து பார்க்கிறேன்.

பதினோரு நிமிஷம் எல்லாம் நன்றாக நடந்தது. நீலமேகம் வாங்க என்றார், உட்காருங்க என்றார், சுவர் மூலையைப் பார்த்தபடி புன்னகை செய்துகொண்டிருந்தார். கீழே தண்ணி லாரி வந்து, வழியில் நிற்கும் பைக்கை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்தது. பைக் ரவிக்குமாருடையது. அவன் எழுந்து கீழே ஓடினான். வந்த மூன்று பேரில் நீலமேகத்தின் பேச்சைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

எத்திராஜ் நல்ல மனிதர். சும்மா இருந்தால் மரியாதை இல்லை என்று நினைத்து, ஒரு பேச்சுக்குக் கேட்டார்: ‘அண்ணே, பொண்ணு பேரு மாயாதான?’

இந்த இனத்தின் எதிரே சொல்லக் கூடாத சொற்கள் சில உண்டு. அவற்றில் தலையாயது அது. நீலமேகத்தின் கண்கள் மெதுவாக எத்திராஜ் பக்கம் திரும்பின.

‘மாயான்னு ஒண்ணு கிடையவே கிடையாது’ என்றார்.

எத்திராஜ் மனைவியைப் பார்த்தார். ‘கிடையாதா?’

‘கண்ணுக்குக் கீற மாதிரி தெரியும். நம்பிடக் கூடாது. எத்தினியோ பேரு அத்த நம்பி ஏமாந்துகினு கீறாங்க.’

பச்சையம்மாவின் கை கூடையின் வாயை மூடியது. ‘அப்போ மெய்யாலும் கீறது இன்னா?’

‘கீதா’ என்றார் நீலமேகம், அந்த வடநாட்டுப் பெரியவரின் அதே உச்சரிப்பில். ‘எங்க வூட்ல எல்லாமே கீதாதான். காலீல கீதா மூஞ்சிலதான் முயிக்கிறேன்.’

‘கீதா இப்ப வூட்ல கீதா?’

‘உள்ளதான் கீது. எப்பவும் உள்ளதான் கீது.’

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ‘அம்மா, அவர் சொல்கிறது புத்தகத்தை’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறந்தேன். ஆனால் நீலமேகம் மாயையைப் பற்றிச் சொன்னதில் ஒரு பிழை இருந்தது. அது என்னைப் பாடாய்ப் படுத்தியது. நானும் ஓய்வு பெற்றபின் நாலு புத்தகம் படித்தவன் இல்லையா?

‘நீலமேகம், அது தப்பு’ என்றேன். ‘மாயா கிடையாதுன்னு சொல்லக் கூடாது. இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. அதான் சரி.’

‘பாத்தியாய்யா’ என்றார் பச்சையம்மா புருஷனிடம். ‘எதிர் வூட்டுக்காரருக்கே பொண்ணு கீதா இல்லியான்னு தெரில.’

நீலமேகத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. நான்கு வருஷத்தில் இப்படிக் கேள்வி கேட்கிற கூட்டம் அவருக்கு வாய்த்ததே இல்லை. நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். ‘கேளுங்கம்மா. எல்லாரும் மாயா பின்னாலதான் ஓடுறாங்க. உங்க புள்ளையாண்டானும் இப்ப மாயாலதான் மாட்டிகினு கீறாரு. அவர அதுலேர்ந்து வெளிய இஸ்து, கீதா கையில புடிச்சிக் குடுத்துட்டோம்னா அவரு பொறப்பே ஈடேறிப்பூடும்.’

‘கீதாக்கு வயசு இன்னா?’ என்றார் எத்திராஜ், குரலைத் தாழ்த்தி.

‘கீதாக்கு ஏதுங்க வயசு?’

பச்சையம்மா கணக்குப் போட்டார். வயதைச் சொல்ல மறுக்கிறார்கள் என்றால் என்ன வயது இருக்கும்? விடுவிடுவென்று எழுந்து போய் உள்ளறைத் திரையை விலக்கினார். அங்கே ஒரு அரிசி மூட்டையும், மடக்கு கட்டிலும், காலி சிலிண்டரும் இருந்தன.

‘யாரையும் காணோமே?’

‘அப்பிடித் தேடினா கிடைக்காது’ என்றார் நீலமேகம், பரிவோடு.

‘எந்திரிய்யா’ என்றார் பச்சையம்மா. பூவை இலையோடு கூடையின் அடியில் அழுத்தி, மேலே பர்ஸை வைத்தார். ‘பொண்ண மாத்துற வூடு இது. எனக்கு வந்தவொடனே தெரியும். எந்திரி, பையன கூட்டுகினு போலாம்.’

அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக் கதவு திறந்து மாயா வந்தாள். மாம்பழக் கலர் புடவை, நிமிராத தலை. எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் அலங்காரத்தோடு இறங்கி வருவதைப் பச்சையம்மா பார்த்தார். அவர் சந்தேகத்துக்கு மிச்சமிருந்த ஒரே சாட்சியும் வந்து சேர்ந்தது.

‘நீ யாரும்மா?’ என்றார்.

‘ஆங், இதான் கேள்வி’ என்று தொடையைத் தட்டினார் நீலமேகம். ‘நீ யாரு? நாலு வருஷமா இத்ததான் நான் சொல்லிகினு கீறேன்.’

‘மாயா’ என்றாள் அவள்.

‘உங்க நைனா மாயான்னு ஒண்ணு கிடையாதுன்றாரு.’

அவள் தலை நிமிர்ந்தது. கூடையைப் பார்த்தாள், பூ வெளியே தெரியவில்லை. எத்திராஜ் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தாள், நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மிகவும் அமைதியாகக் கேட்டாள்.

‘நைனா, நான் கீறனா இல்லியா?’

நீலமேகம் வாயைத் திறந்தார். நான்கு வருஷப் பயிற்சி. பதில் தயாராகத் தொண்டைக்கு வந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. ‘நான்னா எது’ என்று ஆரம்பிப்பார், உடம்பா, மனசா, மூச்சா என்று போவார்.

‘சுத்தி வளைக்காத நைனா. ரெண்டு வருஷம் அவங்கள கெஞ்சி இட்டாந்து கீது அந்தப் புள்ள. அவங்க எந்திரிச்சி போறாங்க. நான் உனக்குக் கீறனா இல்லியா, ஒண்ணு சொல்லு.’

அப்போதுதான் அவர் முதல் தடவையாக அந்தக் கூடையைப் பார்த்தார். மூடியிருந்த கூடை, கையில் செருப்போடு எத்திராஜ், வாசலில் பாதி கால் வைத்துவிட்ட பச்சையம்மா, எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்குத் தெரிய ஆரம்பித்தன. முகம் வெளுத்துப்போனது. ஃபிட்டர் ஒருவர் தவறான நட்டைக் கழற்றிவிட்டால் இருக்குமே, அந்த முகம்.

‘கீறம்மா’ என்றார். ‘நீதான் கீற. மத்தது எதுவும் எனக்குத் தெரில.’

எனக்கு மளுக்கென்று கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வந்துவிட்டது.

சமையலறையிலிருந்து ரமாபாய் பஜ்ஜித் தட்டோடு வந்தார். எண்ணெய்ச் சத்தத்துக்கு நடுவே கீதா, மாயா என்ற சொற்கள் அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். ஒரு பார்வை. வேறு எதுவும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தட்டை என் மடியில் வைத்துவிட்டு, பீரோ மேலிருந்து சிவப்பு அட்டை போட்ட புத்தகத்தை எடுத்துப் பச்சையம்மாவின் கையில் கொடுத்தார்.

‘இதாங்க கீதா’ என்றார். ‘சாமி புஸ்தகம். நாலு வருஷமா தூக்கிகினு அலயிறாரு. இன்னும் மொத பதினேழு பக்கம் தாண்டல.’

பச்சையம்மா அட்டையைப் பார்த்தார். தேர், குதிரை, குதிரையைப் பிடித்துக்கொண்டு சாமி. புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று தலைகீழாகப் பிடித்து உதறியும் பார்த்தார். ஒரு பஸ் டிக்கெட் விழுந்தது.

‘வேற பொண்ணு யாரும் இல்ல?’

‘ஒரே பொண்ணுங்க. இதான் மாயா’ என்றார் நீலமேகம்.

‘மெய்யாலுமா?’

‘மெய்யின்னா இன்னான்னா—’

‘நைனா’ என்றாள் மாயா.

அவர் வாக்கியத்தின் மிச்சத்தை விழுங்கினார். மலையை நகர்த்துவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

‘மெய்யாலுமே’ என்றார்.

பச்சையம்மா கூடைக்குள் கையை விட்டார். பூ கொஞ்சம் நசுங்கியிருந்தது. அந்த அம்மாள் அதை உதறி, நீவி, மாயாவைத் திருப்பி நிறுத்தி, கொண்டையில் நாலு முழத்தையும் சுற்றினார். ‘நல்லா வாய்ச்சாரும்மா உனக்கு நைனா’ என்று முணுமுணுத்தார். ரவிக்குமார் பைக் சாவியோடு மூச்சு வாங்க மேலே வந்தபோது அவன் கல்யாணம் ஒருமுறை உடைந்து, ஒட்டி, எல்லோரும் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ‘இன்னா ஆச்சு?’ என்றான். யாரும் சொல்லவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

எத்திராஜ் மட்டும் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ‘சார், கீதுன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாதுன்னீங்களே. கடலுக்குப் போறப்ப எனக்கும் அப்பிடி ஒண்ணு தோணும். அது இன்னா சார்?’ நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் மனைவி வாசலிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் மறுபடியும் குனிந்து உட்கார்ந்தேன். ஆனால் எத்திராஜின் கண்ணில் அந்த வெளிச்சம் விழுந்துவிட்டதை நான் பார்த்தேன். முகத்துவாரக்குப்பத்துக்காரர்கள் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

நீங்கள் இவ்வளவு நேரமும் சிரித்தீர்கள் என்றால் சந்தோஷம். நீலமேகத்தையும் என்னையும் பார்த்து, நல்லவேளை நாம் இப்படி இல்லை என்று நினைத்திருப்பீர்கள். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுவிடுகிறேன். பச்சையம்மா பூவைக் கூடையின் அடியில் அழுத்தினாரே, அந்த நிமிஷம் உங்களுக்கு எந்த மாயாவைப் பற்றிக் கவலை வந்தது? புடவை கட்டிக்கொண்டு வந்தவளைப் பற்றியா, அல்லது நான் மாயைக்குச் சொன்ன விளக்கம் சரிதானா என்பதைப் பற்றியா? வேண்டாம், பதில் சொல்லாதீர்கள். ‘அதாவது’ என்று நீங்கள் ஆரம்பிப்பது இங்கேவரை கேட்கிறது.